மின்தூண்டலால் எடுத்து வைக்கும் அடி

தண்டுவடக் காயத்தால் கால்களின் அசைவை இழந்தவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். தசைகளுக்கு மின்சாரம் கொடுத்து நடக்க வைக்கலாமாமே என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் ஏதேனும் ஒரு காணொளியைப் பார்த்திருப்பார்கள். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நாலடி நடப்பதோடு அது முடிந்திருக்கும். அந்த நாலடி உண்மைதான். அதற்குப் பின் தசையில் நிகழ்வதையும் தெரிந்துகொண்டு இந்தப் பயிற்சிக்கு வருகிறவர்களே அதில் நிலைத்து நிற்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

தண்டுவடம் நசுங்கினாலும் அறுபட்டாலும், காயத்துக்குக் கீழே உள்ள நரம்பணுக்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. மூளையின் கட்டளை அவற்றை எட்டுவதில்லை. அவற்றிலிருந்து தசைக்குச் செல்லும் நரம்பு கெடாமல் இருந்தால், தோலின் மேல் ஒட்டிய மின்முனைகள் வழியாக அதைத் தூண்டித் தசையைச் சுருங்கச் செய்யலாம். ஆனால் தண்டுவடத்தின் கீழ்நுனியிலோ, அதற்கும் கீழே உள்ள நரம்புக் கற்றையிலோ அடிபட்டிருந்தால் அந்த நரம்பே பட்டுப்போயிருக்கும். அங்கே இந்த முறை பலிக்காது. கருவி வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன்.

தொடையின் முன்பக்கத்தில் மேலே ஒன்றும் முழங்காலுக்குச் சற்று மேலே ஒன்றுமாக மின்முனைகளை ஒட்டி, நொடிக்கு 20 முதல் 40 துடிப்புகள் என்ற அளவில் மின்னோட்டத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், முதலில் தோலுக்கடியில் இலேசான அதிர்வு தெரியும். பிறகு முழங்கால் சில்லு மேல்நோக்கி இழுபடும். கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த கால் நீளும். உணர்ச்சியை முற்றிலும் இழந்தவருக்கு அது நீளுவது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அநேகமாக எல்லோரும் உடனே கையை வைத்துத் தொடை இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள்.

இரு தொடைகளையும் ஒருசேரத் தூண்டினால், வாக்கரைப் பிடித்தபடி எழுந்து நிற்க முடியும். காலைத் தூக்குவதற்கு ஓர் அனிச்சைச் செயலை நாடுகிறோம். முள் குத்தினால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அந்தச் செயலுக்கான இணைப்பு தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பைத் தூண்டினால் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஒன்றாக மடங்கும். வாக்கரின் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தும்போது கால் மடங்கி முன்னே செல்லும். விட்டதும் தொடைத் தசை இறுகி எடையைத் தாங்கும். பக்கவாதத்தால் முன்பாதம் தொங்கிப்போனவர்களுக்கு, குதிகாலில் ஒரு சுவிட்சை வைத்து இதே நரம்பைத் தூண்டும் கருவியை மருத்துவர் லிபர்சன் 1961-இல் அறிவித்திருந்தார். தண்டுவடக் காயமுற்றவர்களை நான்கே தூண்டல் தடங்களால், அதாவது காலுக்கு இரண்டு தனித்தனி மின்வழிகளால், நடக்க வைக்கும் முறையை ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் ஆய்வாளர்கள் க்ராலும் பாய்டும் உருவாக்கினார்கள். அமெரிக்காவில் இப்படி நடக்க வைக்கும் பாராஸ்டெப் என்ற கருவிக்கு 1994-இல் அரசு ஒப்புதல் கிடைத்தது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது ஏன் அன்றாட நடையாக மாறவில்லை என்றால், முதன்மையான காரணம் தசைச்சோர்வு. இயல்பான நடையில் தசையிழைகள் முறை வைத்துக்கொண்டு உழைக்கின்றன. சில சுருங்கும்போது சில இளைப்பாறுகின்றன, எளிதில் சோராத சிறிய இழைக்குழுக்கள் முதலில் வேலைக்கு வருகின்றன. வெளியிலிருந்து வரும் துடிப்புக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. மின்முனைக்கு அருகில் உள்ள அதே இழைகளை, ஒவ்வொரு துடிப்பிலும், ஒரே சமயத்தில் அது சுருக்குகிறது. போதாக்குறைக்கு, நெடுநாள் அசையாமல் கிடந்த தசை மெலிந்து, தாக்குப்பிடிக்கும் இழைகளை இழந்து, விரைவில் களைக்கும் இழைகளாகவே மாறிவிடுகிறது. அதனால் நிற்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முழங்கால் தளரப் பார்க்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டி ஓரளவுக்குத்தான் ஈடுகட்டலாம். இதற்கிடையே உடல் எடையில் பெரும்பங்கு கைகளின் மேல் விழுகிறது. சக்கர நாற்காலியில் நொடியில் கடக்கும் தூரத்துக்கு மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆய்வாளர்கள் கூர்ட்டினும் ப்ளோக்கும் 2018-இல் வெளியிட்ட ஆய்வை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அதில் தசையைத் தூண்டுவதில்லை. தண்டுவடத்தின் உறைமீது அறுவை சிகிச்சை செய்து பதித்த மின்முனைகள், அங்கே நுழையும் உணர்வு நரம்புகளைத் தூண்டுகின்றன. பங்கேற்றவர்களும் காயத்தைக் கடந்து சில நரம்பிழைகள் மிஞ்சியிருந்தவர்கள். மதிப்பு மிக்க பணி, ஆனால் வேறு வழி.

ஆகவே நான் நடையிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்கிறேன். அசையாத காலின் எலும்பு மெலிந்து, தசையின் இழுப்புக்கே முறியக்கூடும். தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் மேலிருந்து ஆறாம் பிரிவிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்குத் தூண்டலின்போது இரத்த அழுத்தம் திடீரென எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலியோ முகத்தில் வியர்வையோ கண்டால் உடனே நிறுத்தி நிமிர்த்தி உட்கார வைத்து, அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். உலர்ந்த மின்முனை தோலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது என்பதால், ஒவ்வொரு முறையும் கழற்றியபின் அந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இவற்றைக் கடந்தபின் மாதக்கணக்கில், தூண்டப்பட்ட கால் தசைகளே மிதிக்கும் மின்தூண்டல் சைக்கிள், பிறகு நிற்பது, அதற்குப் பிறகே அடி. சைக்கிளோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. அவர்களுடைய தொடை மீண்டும் பருத்து, கால்களில் இரத்த ஓட்டம் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தோல்வி என்று எந்தக் குறிப்பேட்டிலும் எழுத எனக்கு மனம் வராது.