செருப்பு வெளியே இருந்தது

ஜெயிலில் இருந்து தப்புவது என்றால் எல்லோருக்கும் மதிலும் சுரங்கமும்தான் ஞாபகம் வரும். 1995 ஆகஸ்டில் வேலூர் கோட்டை சிறப்பு முகாமில் இருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டிப் போன கதையை எங்கள் சீனியர்கள் அலுக்காமல் சொல்வார்கள். ஆனால் போலீஸ் ஆயுதப்படையில், கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் வரும் வழிக்காவலுக்குப் போய் வந்தவனைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கோர்ட்டு வராண்டா, ஆஸ்பத்திரி கக்கூஸ் என்றுதான் சொல்வான்.

எனக்கு நேர்ந்தது கடைசியாகச் சொன்ன இடத்தில்.

திருட்டு வழக்கு விசாரணைக் கைதி. வாய்தா முடிந்து திரும்பும்போது வயிற்றுவலி என்று சுருண்டுவிட்டான். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். நானும் ஏட்டய்யாவும் காவல். விடியற்காலை கக்கூஸ் போக வேண்டும் என்றான். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான். நீலவார் ரப்பர் செருப்பு, இடதுகால் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செருப்பு இருந்தால் ஆளும் இருப்பான் என்று மனசு எப்படியோ முடிவு கட்டிவிட்டது. கதவை இடித்து உள்ளே போனபோது, ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் ஆறும் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அவன் தொழில் சுத்தம்.

விலங்கு போட்டிருக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், விலங்கு மாட்டுவதை வழக்கமாக்கக் கூடாது, தக்க காரணத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்புதான், வேலையை இழக்க இருந்த நானே சொல்கிறேன். விலங்கு இல்லாததால் கைதியோடு கையைக் கோத்துக்கொண்டு நடப்போம். பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெயிலில் கை வியர்த்து வழுக்கும். பிடி மாற்றும் அந்த ஒரு விநாடி, அவன் முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அன்று மாலையே இருவரும் சஸ்பெண்ட். அப்புறம் த்ரீ பி சார்ஜ், அதாவது பெரிய தண்டனைக்கான துறை விசாரணை. அஜாக்கிரதையாகத் தப்பவிட்ட அரசு ஊழியருக்கு அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 223-ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை வெறுங்காவல் என்று எழுத்தர் வாசித்துக் காட்டியபோதுதான் காவலில் இருப்பது யார் என்று குழம்பியது. நல்லவேளை, இன்கிரிமென்ட் வெட்டோடு போயிற்று.

மச்சான் மகன் இங்கிலாந்தில் ஒரு தனியார் கம்பெனியின் கைதி வேனில் வேலை பார்க்கிறான். வேனுக்குள்ளே ஆளுக்கொரு பூட்டிய அறை, பீரோ அளவுதான் இருக்குமாம். ஆள் தப்பினால் கம்பெனிக்கு அபராதம். அங்கே 1993-இல் இந்த வேலையைக் குரூப் 4 என்ற கம்பெனியிடம் கொடுத்த புதிதில் வரிசையாகக் கைதிகள் தப்பி, பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. தனியார் என்றால் இப்படித்தான் என்று அன்று பேசியவர்களுக்கு, அடுத்த வருடம் செப்டம்பரில் வைட்மோர் ஜெயிலில் இருந்து ஆறு பேரும், 1995 ஜனவரியில் பார்க்ஹர்ஸ்ட்டில் இருந்து மூன்று பேரும் தப்பியபோது பேச்சு வரவில்லை. இரண்டுமே பலத்த காவல் கொண்ட அரசாங்க ஜெயில்கள். பார்க்ஹர்ஸ்ட்டில் கைதியே சாவி செய்திருந்தான்.

“எங்க ஆளுங்களும் கக்கூஸ்லதான் மாமா பயப்படுறாங்க” என்றான் மச்சான் மகன். சரிதான் என்றேன்.

என் ஆள் ஒன்பதாம் நாள் அவன் அம்மா வீட்டிலேயே பிடிபட்டான், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. தப்பியதற்கு 224-இல் தனி வழக்கு. சாட்சி சொல்லப் போன என்னைக் கூண்டருகே பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“அண்ணே, அன்னிக்கு என் செருப்ப எடுத்து வச்சீங்களா?”

“அது கேஸ் பிராப்பர்ட்டி ஆயிடுச்சுடா” என்றேன்.