அவலும் நொய்யும்: கூப்பரில் ஒரு கஞ்சிக் காலை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இறங்கிய முதல் நாளே, கடை அலமாரியிலிருந்து அந்த ஆள் என்னைப் பார்த்தார். கை வைக்காத பனியன், கீழே கில்ட் பாவாடை, குண்டு எறியத் தயாராக நிற்கும் உடம்பு. ஸ்காட்ஸ் போரேஜ் ஓட்ஸ் என்ற கஞ்சி ஓட்ஸ் பெட்டியில் 1924 முதல் அவர் இருக்கிறாராம். நூறு வருஷமாக அந்தக் குண்டு கையைவிட்டுப் போகவில்லை, பாவம்.

பெயரில் ஸ்காட் இருந்தாலும் இன்றைக்கு முதலாளி அமெரிக்காவின் பெப்சிகோ. ஆனால் தொடக்கம் உள்ளூர்தான். 1880இல் கிளாஸ்கோவில் ஏ அண்ட் ஆர் ஸ்காட் நிறுவனம் முதலில் விற்றது ஓட்ஸ் மாவு. 1909இல் எடின்பரோவுக்கு வந்தார்கள், 1914இல் கஞ்சிக்கான 'பாரிட்ஜ்' என்ற இங்கிலீஷ் சொல்லை 'போரேஜ்' என்று தனி எழுத்துக்கூட்டலில் பெயராக வைத்தார்கள், 1947 முதல் ஆலை ஃபைஃப் பகுதியில், கூப்பர் ஊருக்குப் பக்கத்தில். போய்ப் பார்த்துவிடலாம் என்று மறுநாளே கிளம்பிவிட்டேன்.

வேவர்லி நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். வழியில் 1890இல் திறந்த ஃபோர்த் பாலம், அந்தச் சிவப்பு இரும்புக்காகவே ஜன்னல் ஓரம் பிடிக்கலாம். ஆலையைச் சாலையில் நின்றுதான் பார்த்தேன். வறுத்த தானிய வாசனைக்காக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஈரப் புல் வாசனைதான் கிடைத்தது. சரி என்று ஊருக்குள் திரும்பிவிட்டேன்.

நான் தேடிப் போனது தங்கிய வீட்டு அடுப்படியில்தான் இருந்தது. எழுபது வயது தாண்டிய வீட்டுக்கார அம்மா, காலையில் ஒரு நேரான மரக்கட்டையால் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். பெயர் ஸ்பர்ட்டில். நம் வீட்டில் களி கிண்டும் துடுப்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான முனை கிடையாது, வெறும் உருளைக் குச்சி. கட்டி தட்டாமல் இருக்க அதுதான் சரியாம். வலப்பக்கமாகத்தான் சுற்றணும், இடமாகச் சுற்றினால் சாத்தான் வந்துவிடும் என்று சிரிக்காமல் சொன்னார். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு, "ஆறிடப் போறாங்க, சீக்கிரம் சாப்பிடுங்க" என்றார். யார் ஆறிவிடப் போகிறார்கள் என்று நான் சுற்றிப் பார்த்தேன். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பேச்சில் கஞ்சி பன்மையாம்! ஒரு கிண்ணம் இருந்தாலும் 'அவங்க'தான்.

உப்பு மட்டும் போட்ட கஞ்சி. பக்கத்தில் தனிக் கோப்பையில் சில்லென்ற பால். சூடான கஞ்சியை ஸ்பூனில் எடுத்து, பாலில் ஒரு முக்கு முக்கி வாயில் போடணும். சூடும் குளிரும் சேர்ந்து வரும் அந்த ஒரு வாய்க்காகவே இந்தப் பயணம் சரியாகிவிட்டது. பாலைக் கிண்ணத்திலேயே கொட்டிவிட்டால் அது வராது, செய்து பார்த்தேன்.

பெட்டியில் இருப்பதும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன். அவர் இரண்டையும் மேஜையில் கொட்டிக் காட்டினார். அந்த நிமிஷம் எனக்கு இங்கிலீஷே தேவைப்படவில்லை. ஒன்று அவல், இன்னொன்று நொய்!

ஓட்ஸில் எண்ணெய்ச் சத்து கூடுதல். உமி நீக்கிய மணியை அப்படியே வைத்தால் சீக்கிரம் கசந்துவிடும். அதனால் சூடேற்றி, ஆவி காட்டுகிறார்கள். அந்த மெத்தென்ற மணியை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் அவல், அதாவது பெட்டிக்காரர் விற்கும் சரக்கு. சில நிமிஷத்தில் வெந்துவிடும். உலர்த்திய மணியை இரண்டு மூன்றாக வெட்டினால் நொய். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் அரை மணி நேரம் நின்று கிண்டணும். நொய்க் கஞ்சியில் பல்லுக்கு ஏதோ தட்டுப்படும். அவல் கஞ்சி வழுவழுவென்று இறங்கும். என் ஓட்டு நொய்க்கு.

வடக்கே கார்பிரிட்ஜ் கிராமத்தில் 1994 முதல் உலகக் கஞ்சிப் போட்டி நடக்கிறது. பரிசு, தங்க நிற ஸ்பர்ட்டில். முக்கியப் போட்டியில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு மூன்றுதான். தட்டிய ஓட்ஸுக்கு அங்கே இடமில்லை. நம் குண்டெறியும் அண்ணாச்சி வாசலோடு நிற்க வேண்டியதுதான். "போட்டிக்காரங்க விடமாட்டாங்க, ஆனா ஸ்கூலுக்கு லேட்டான பேரப்பிள்ளைங்களுக்கு அந்தப் பெட்டிதான்" என்றார் அம்மா.

அந்தக் காலத்தில் கஞ்சியை இழுப்பறையில் ஊற்றி, உறைந்ததும் துண்டு போட்டு வயலுக்கு எடுத்துப் போவார்கள் என்று படித்திருந்தேன். கேட்டதும் தன் இழுப்பறையைத் திறந்து காட்டினார். பேட்டரி, நூல்கண்டு, கரண்ட் பில்.

அரைக் கிலோ நொய்யும் ஒரு ஸ்பர்ட்டிலும் வாங்கிக்கொண்டேன். கைப்பையில் அது தலையை நீட்டிக்கொண்டே வந்தது. எடின்பரோ விமான நிலையச் சோதனையில் அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. சென்னையில் மட்டும் பையைத் திறக்கச் சொன்னார்கள்.