கேஸ்ட் அயர்ன் புல்லட்: உதைப்பதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்

மாடிப்படிக்குக் கீழே பல வருஷம் தூங்கிய 350 புல்லட்டை வெளியே இழுத்துத் தூசி தட்டியதும் கால் தானாகக் கிக்கருக்குப் போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். இந்த வண்டிக்கு முதலில் ஆயில், அடுத்து கரண்ட், அதன் பிறகு பெட்ரோல். இந்த வரிசை மாறினால் நல்ல எஞ்சினையும் அநியாயமாகப் பிரிக்க வேண்டி வரும். "ரிங் போச்சு, போர் பண்ணணும்" என்று சொல்லப்படும் பழைய புல்லட்களில் பலவற்றுக்கு உண்மையில் வேண்டியிருப்பது ஆயில் மாற்றம், புது பாயின்ட் செட் (ப்ளக் பொறிக்கான கரண்ட்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்), டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்தல் இந்த மூன்றும்தான். ஒரு வார இறுதி போதும்.

இங்கே சொல்வதெல்லாம் கேஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சினுக்கு: 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் செய்த அந்த எஞ்சினின் அடிப்படை அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் எழுபதுகளின் வண்டிக்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்றும் சாமான் கிடைக்கிறது.

இது டிரை சம்ப் எஞ்சின். ஆயில் டேங்க் எஞ்சின் வார்ப்பிலேயே தனி அறையாக இருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்து, ஃபில்டர் வழியாகக் கிராங்குக்கு அனுப்பும். அங்கே வழிந்து கிராங்க் கேஸின் அடியில் சேர்வதை இன்னொரு பம்ப் இழுத்து, ஹெட்டில் வால்வை அமுக்கும் ராக்கருக்கும் டேங்குக்கும் திருப்பி அனுப்பும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்க் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸில் இறங்கிவிடும். அந்த நிலையில் உதைத்து ஸ்டார்ட் செய்தால் ஃப்ளைவீல் ஆயில் குளத்தில் சுழலும், ரிங்கைத் தாண்டி மேலே அடிக்கும், தெருவே நீலப்புகையாகும், பிரீதர் குழாயில் ஆயில் சொட்டும். பார்க்கிறவர் ரிங் போய்விட்டது என்றுதான் சொல்வார். ரிங் நன்றாகவே இருக்கலாம், ஆயில் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே அடியில் பேசின் வைத்து டிரெய்ன் போல்ட்களைக் கழற்றுங்கள். டேங்குக்கு ஒன்று, கிராங்க் கேஸுக்குத் தனியாக ஒன்று. ஒன்றை மட்டும் கழற்றினால் பழைய ஆயில் பாதி உள்ளேயே தங்கும். கிராங்க் கேஸிலிருந்து வருவதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட உதவும். வந்த ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். டீ நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இரண்டு முறை மாற்ற வேண்டும். விரலில் தேய்க்கும்போது வெள்ளிப் பொடி மினுக்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். அது பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பேரிங்) வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம், எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். கறுப்பாக, கெட்டியாக மட்டும் இருந்தால் பயமில்லை.

ஃபில்டரில் உள்ளது ஃபெல்ட் துணி எலிமென்ட். கெரசினில் கழுவித் திரும்பப் போடுவது வழக்கம், ஆனால் புதிதின் விலை குறைவு, புதிதே போடுங்கள். கழற்றும்போது ஸ்பிரிங், வாஷர், எலிமென்ட் என்று வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிவையுங்கள். ஒரு வாஷர் இடம் மாறினால் ஆயில் ஃபில்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 20டபிள்யூ50 ஆயில் 2 லிட்டர் ஊற்றி, மூடியோடு இருக்கும் டிப்ஸ்டிக்கை வைத்து மீதி அளவைச் சரிபாருங்கள்.

இப்போது ப்ளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் 10 மில்லி ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நான்காவது கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். கிக்கரைவிட இது பாதுகாப்பு. எங்கே இறுக்கம் என்று கைக்கே தெரியும். தடையில்லாமல் சுற்றினால் ஃபில்டர் மூடியின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, ப்ளக் இல்லாமலே கிக்கரை மெதுவாக முப்பது நாற்பது முறை மிதியுங்கள். மூடி ஓரத்தில் புது ஆயில் கசிந்தால் அனுப்பும் பம்ப் வேலை செய்கிறது. நட்டை இறுக்கிவிடுங்கள். கசியவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பம்பைத் திறந்து டிஸ்க்கும் அதன் இருக்கையும் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பித்தளை பாலிஷ் தடவித் தேய்த்துப் படிய வைக்க வேண்டும். டைமிங் கவர் வரை பிரிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பம்பை ஓட்டும் வோர்ம் நட் இடதுமரை. வழக்கம்போல் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும்.

அடுத்தது கரண்ட். சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயின்ட் தெரியும். நின்ற வண்டியில் அதன் முகம் மங்கிப் படலம் பிடித்திருக்கும், கரண்ட் கடக்காது. 400-ம் நம்பர் எமரித் தாளில் ஒரு துண்டை மடித்து இடையில் வைத்து நாலு இழுப்பு, அதன்பின் சுத்தமான வெள்ளைத் தாளால் இரண்டு இழுப்பு. எமரித் தூள் ஒட்டியிருந்தால் மறுபடியும் அதே கோளாறுதான். முகத்தில் ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு என்று ஆகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள். கண்டன்சர் கெட்டால் பாயின்ட் திறக்கும்போது பளிச்சென்று நீலப்பொறி பறக்கும், புது பாயின்ட்டும் சீக்கிரமே கருகும். வண்டி இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, அரை மணி ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல். அதற்கடுத்தது இக்னிஷன் காயில்.

பாயின்ட் இடைவெளி முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு வழுக்க வேண்டும். ப்ளக் இடைவெளி 0.5 முதல் 0.6. பாயின்ட்டின் குதிகால் உரசும் கேம் மேல் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள். இந்தத் துளி கிரீஸை விட்டுவிடுவதால் வரும் தொல்லைதான் அதிகம். குதிகால் தேயும், இடைவெளி சுருங்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும். பிக்அப் மந்தமாகும், சைலன்சர் வளைவு சீக்கிரம் நீலம் பாயும், எஞ்சின் கொதிக்கும். எல்லாமே மெதுவாக நடப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

இடைவெளியை வைத்த பிறகே டைமிங். மாற்றிச் செய்தால் இடைவெளியைத் தொட்டதும் டைமிங் நகர்ந்துவிடும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பாயின்ட் திறக்க வேண்டும், வேகம் ஏற ஏற டைமிங்கை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் ஓய்வு நிலையில் இருக்கும்போது. ப்ளக் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு பின் சக்கரத்தைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன். பழைய சைக்கிள் கம்பி ஒன்றைப் பிஸ்டன் தலைமேல் நிறுத்தி உச்சியைக் கண்டுபிடிக்கலாம். ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி காட்டும் அளவு முழுத் துல்லியமாக இருக்காது. டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் உச்சிக்குச் சற்று முன்பு வைத்து, ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பாயின்ட் எப்போது திறக்கிறது என்பதை ஆம்ப் மீட்டரே காட்டிக்கொடுக்கும். பேட்டரியில் சார்ஜ் இருக்கட்டும், சாவியைப் போடுங்கள், லைட் எதுவும் வேண்டாம். பாயின்ட் மூடியிருக்கும்போது ஊசி டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். திறந்த கணத்தில் துள்ளி நடுவுக்கு வரும். பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஊசி துள்ளும் இடம் வரை மெல்லத் திருப்பி இறுக்குங்கள். சக்கரத்தை எப்போதும் முன்பக்கமாகவே சுற்றி வர வேண்டும். இடம் தாண்டிப் போனால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லையென்றால் கியர் பல்லின் ஆட்டம் கணக்கில் நுழைந்துவிடும். வேலை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதீர்கள், மூடிய பாயின்ட்டில் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் சூடாகிக் கெடும். கிக்கர் காலை எதிர்த்து உதைத்தால், அல்லது மேட்டில் டிங் டிங் என்று அடித்தால், டைமிங் முன்னே போயிருக்கிறது.

டேப்பெட்டை எஞ்சின் ஆறிய நிலையில் மட்டுமே தொட வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்றால் உத்தமம். சிலிண்டரின் வலது பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் தகட்டைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடும் தெரியும். கம்ப்ரஷன் உச்சியில் வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் உருட்டுங்கள். சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த எஞ்சினுக்கு அதுதான் கணக்கு, ஃபீலர் கேஜ் வேண்டாம். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும், இறுக்கிய பிறகு மறுபடியும் உருட்டிப் பாருங்கள். சத்தம் வருகிறது என்று இறுக்கமாக வைத்துவிடாதீர்கள். சூடேறியதும் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். லேசாகப் பேசும் டேப்பெட் நல்ல டேப்பெட்.

பெட்ரோல் பக்கம் வேலை குறைவு. பழைய பெட்ரோலை முழுதாக வடியுங்கள். டேங்கில் துரு இருந்தால் வெள்ளை வினிகரும் ஒரு கைப்பிடி பழைய நட்டுகளும் போட்டு ஒரு நாள் குலுக்கிக் குலுக்கி வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து உள்ளே ஆயில் சுழற்றிவிடுங்கள். காயத் தாமதமானால் ஒரே ராத்திரியில் துரு திரும்பும். கார்பரேட்டரின் பைலட் ஜெட் அடைத்திருந்தால் ஐடிலிங் நிற்காது. மெல்லிய ஒயரின் ஒரு செம்பு இழையால் குத்துங்கள், ஊசி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். மிக்கார்ப் கார்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை முழுதாக இறுக்கி ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் டேப் வாஷரையும் ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

இடது பக்கம் செயின் கேஸில் ஆயில் 420 மில்லி, லெவல் ஸ்க்ரூ வழியாக வழியும் வரை. கிளட்ச் தட்டுகளும் அதிலேயே மூழ்கியிருப்பதால் காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். பிரைமரி செயின் இறுக்கமான இடத்தில் 6 மில்லிமீட்டர் ஆட வேண்டும். இங்கே ஆயில் தானாகக் கூடிக்கொண்டே போனால் கிராங்கின் இடது பக்க சீல் போயிருக்கிறது. டயர் இரண்டும் 3.25-19. பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பழைய டயர் கல்லாகியிருக்கும், மழையில் வழுக்கும். காற்று முன்னால் 18–20 பி.எஸ்.ஐ., பின்னால் 28–30. பிரேக் ஷூ பளபளத்திருந்தால் எமரியால் சொரசொரப்பாக்குங்கள், கேபிள்களை மாற்றிவிடுங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி. தேதியையும் பாருங்கள். புதுப்பிக்கப் படிவம் 25, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.

இனி உதைக்கலாம். பெட்ரோல் திறந்து, சோக் போட்டு, சாவியைத் திருப்புங்கள். கிக்கரை மெதுவாக மிதித்தால் ஓரிடத்தில் சுவர்போல் நிற்கும். அங்கே, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் ஊசி நடுவுக்கு வரும் வரை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். லிவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, உடல் எடையோடு அடிவரை ஒரே நீள மிதி. ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் ஹெட்டின் மேல் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் பாஞ்சோ போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் கசிந்தால் திரும்பும் பம்பும் நலம், இறுக்கிவிடலாம். இரண்டு நிமிஷத்தில் கசியவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்தவுடன் கிராங்க் கேஸ் போல்ட்டை மறுபடி கழற்றிப் பாருங்கள். ஒரு டீ டம்ளருக்குள் வந்தால் சரி. அரை லிட்டர் வந்தால் திரும்பும் பம்ப் பலவீனம், புகைக்குக் காரணமும் அதுவே. அளவு சரியாக இருந்து, சூடான பிறகும் புகை நிற்கவே இல்லை என்றால்தான் ரிங்கையும் போரையும் பற்றி யோசிக்க வேண்டும்.

முதல் சில நாள் காலியான ரோட்டில் மட்டும் ஓட்டுங்கள். இடது கால் பிரேக் என்பது உடம்பில் ஏற வேண்டும். பதற்றத்தில் வலது கால் கியரைத்தான் மிதிக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. சிக்னலில் கிளட்ச்சைப் பிடித்துக் குதிகாலால் நியூட்ரல் ஃபைண்டரை அமுக்கினால் இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் நேராக நியூட்ரல் விழும். முதல் கியரிலிருந்து விழாது. வேகம் 60, 65. அதற்கு மேல் நீண்ட நேரம் முறுக்கினால் பிக் எண்டுக்குப் பாரம். 300 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள், வருஷக்கணக்கில் படிந்திருந்த கசடு இப்போதுதான் கரைந்து வரும். அன்றைக்கே, எஞ்சின் ஆறிய பிறகு, ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகச் சரிபார்த்து டேப்பெட்டை மறுபடி உருட்டிப் பாருங்கள். ஹெட் நட் இறுகியிருந்தால் டேப்பெட்டும் மாறியிருக்கும்.