கூட யார் வந்திருக்கிறார்கள்?

விழித்திரையைப் பார்ப்பதற்காக, கண்ணின் நடுத்துளையான பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை ஊற்றுவதற்கு முன் நாம் கேட்கும் கேள்விகளிலேயே மிகச் சாதாரணமானது, கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான். இதய நோய் உண்டா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்பு இந்த மருந்து ஊற்றியபோது தொந்தரவு ஏதும் வந்ததா, அண்மையில் தலையில் அடிபட்டதா என்ற கேள்விகளுக்கு வரும் பதிலைப் பொறுத்து மருந்தை மாற்றலாம், செறிவைக் குறைக்கலாம், மருத்துவரிடம் போய்க் கேட்டு வரலாம். யாரும் வரவில்லை என்ற பதிலுக்கு மட்டும் நம்மிடம் மாற்று மருந்து இல்லை. அந்தப் பதிலை உண்மையாகச் சொன்ன ஒருவரை நான் திருப்பி அனுப்பினேன். விதிப்படி அது சரி. மருத்துவரும் சரி என்றார். இன்று கேட்டாலும் அப்படியேதான் சொல்வார். ஆனாலும் அன்று நடந்த பேச்சு மனத்தில் மறுபடி மறுபடி ஓடுகிறது. ஓடும்போதெல்லாம் வேறொரு இடத்தில் தடுக்கி நிற்கிறது.

அவர் விழித்திரையைக் காட்ட வந்தவர் அல்லர். பால் சொசைட்டி அட்டையில் எழுதித் தருகிற லிட்டர் கணக்கு கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணாடி வேண்டும் என்று வந்தவர். வயது ஐம்பத்தேழு, சர்க்கரை நோய் வந்து பதினொரு ஆண்டுகள். மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது என்று சற்றுப் பெருமையுடன் சொன்னார். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கிய பிறகு மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்களைக் கூடுதலாகப் பார்க்கிறேன் என்றே எனக்குத் தோன்றுகிறது. விழித்திரையைப் பார்க்க மட்டும் அவர்கள்தான் வண்டியேறி எங்களிடம் வர வேண்டியிருக்கிறது. சர்க்கரையால் விழித்திரையில் ஏற்படும் கேடு நெடுங்காலம் வலியும் தராது, பார்வையையும் குறைக்காது என்பதால், அதற்காகவென்று யாரும் கிளம்பி வருவதில்லை; வேறு எதற்கோ வரும்போது நாம்தான் பிடித்து உட்கார வைத்துப் பார்க்கிறோம்.

பாவை விரிந்த பிறகு எடுக்கும் கிட்டப்பார்வை அளவை நம்ப முடியாது என்பதால், கண்ணாடிச் சோதனையை முதலிலேயே முடித்துவிட்டேன். முழுப் பார்வை 6/6 என்றால், அவருக்குத் தூரப்பார்வை ஒரு கண்ணில் 6/9, மற்றதில் 6/12. இரண்டிலும் புரை தொடங்கியிருந்தது. கண் அழுத்தம் இயல்பாக இருந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததிலும் ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியிலும், கண்ணின் முன்பகுதியில் நீர் நிறைந்திருக்கும் முன்னறை ஆழமாகவே தெரிந்தது; அது ஆழம் குறைந்திருந்தால் பாவையை விரிக்கும்போது கண் அழுத்தம் திடீரென ஏறக்கூடும். இரத்த அழுத்தம் மட்டும் 160/100. ஆகவே டிராபிகமைடும் ஃபினைலெஃப்ரினும் கலந்த வழக்கமான குப்பியை ஒதுக்கிவிட்டு, டிராபிகமைடு 1 விழுக்காடு மட்டும் உள்ளதை எடுத்து வைத்தேன். ஃபினைலெஃப்ரின் இரத்த நாளங்களைச் சுருக்குவது. கண்ணீர்ப் பாதை வழியே மூக்குக்கு இறங்கி உடலில் சேர்ந்தால் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. மருந்து ஊற்றியவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய முனையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வதும் இந்தக் கசிவைக் குறைக்கத்தான். இவ்வளவையும் பார்த்துவிட்டு, குப்பியின் மூடியைத் திறக்கும் முன்னர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஆரும் வர்லீங்க அம்மணி. நானு எக்ஸெல்லுல வந்தனுங்க."

"அப்படீன்னா இன்னைக்கு ஊத்த முடியாதுங்க பெரியப்பா. நாலஞ்சு மணி நேரத்துக்குக் கண்ணு கூசும், மங்கலா இருக்கும். வண்டி ஓட்டக் கூடாதுங்க."

"மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிக்கறனுங்க. வாய்க்கா ரோட்டுல நானு கண்ண மூடிக்கிட்டே போவனுங்க."

அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன். பிறகு, வண்டியை இங்கேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போய், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாமே என்றேன். பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல், வண்டி இல்லாமல் பால்கேனை யார் சொசைட்டிக்குக் கொண்டு போவது என்று கேட்டார். மருந்தின் வேகம் தணியும்வரை இங்கேயே இருக்கலாம் என்றேன். அப்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, மூன்றரைக்குக் கறவை. மறுபடியும் சுருக்குவதற்கு மருந்து இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி. பைலோகார்பின் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது விரிந்த பாவையை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் என்று நம்ப முடியாது, லென்ஸை முன்னோக்கி நகர்த்தி வேறு சிக்கலை உண்டாக்கவும் கூடும் என்பதால் வழக்கமாக யாரும் ஊற்றுவதில்லை. இதையெல்லாம் விளக்காமல், அது சரிப்படாதுங்க என்று மட்டும் சொன்னேன்.

"கையெழுத்து வேணும்னாப் போட்டுத் தாரனுங்க. எனக்கு என்ன ஆனாலும் உங்களக் கேக்க மாட்டோம்."

இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடுக்குகிறது. எங்களில் மூத்தவரான ஒரு சிஸ்டர், எழுதி வாங்கிக்கொண்டு ஊற்றிவிடு என்று கண்ணாலேயே சொன்னார். நான் மறுத்தேன். கையெழுத்து என்னைக் காப்பாற்றும். வாய்க்கால் கரையில் எதிரே வருகிற கரும்பு லாரியை அது நிறுத்தாது. அவர் வழி கீழ்பவானி வாய்க்கால் கரையோரம். ஒரு பக்கம் தண்ணீர், தடுப்புச் சுவர் கிடையாது, நேரமோ உச்சி வெயில். வெளிச்சத்தில் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி இருக்க வேண்டிய பாவை 7 மில்லிமீட்டராக விரிந்து நின்றால், உள்ளே போகும் ஒளி ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது. புரை தொடங்கிய கண்ணில் அந்த ஒளி சிதறி எதிரில் இருப்பதையே மறைத்துவிடும். தம்முடைய உயிரைப் பற்றி அவர் கையெழுத்துப் போடலாம். அதே கரையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்காக அவரும் கையெழுத்துப் போட முடியாது, நானும் வாங்க முடியாது.

இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தொழில் தெரிந்த மனம் சும்மா இருப்பதில்லை. ஐம்பத்தேழு வயதில் கிட்டத்தில் குவிக்கும் திறன் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். ஆகவே இந்த மருந்தால் இருபது வயதுப் பிள்ளைக்கு ஏற்படும் அளவுக்கு அவருக்குப் பார்வை கலங்காது. சர்க்கரை நோயாளிகளின் பாவை பல வேளைகளில் அரைகுறையாகத்தான் விரிகிறது. இரண்டு மூன்று முறை ஊற்றியும் விரியாதவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இருந்திருந்தால், அவர் சொன்னபடியே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் ஊற்றிப் பார்த்திருக்கலாமோ என்றுகூடப் பின்னால் நினைத்தேன். ஒரு கண் கூசி ஒரு கண் தெளிவாக இருந்தால் தூரம் கணிப்பது தடுமாறும் என்பது தெரிந்தும் அப்படி நினைத்தேன். ஒன்றைத் தடுத்தோம் என்பதற்கு நம்மிடம் ஒருபோதும் சான்று கிடைப்பதில்லை. அதனால் தடுத்தது தேவைதானா என்ற கேள்வி ஓய்வதும் இல்லை.

பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான், அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். ஞாயிறு நமக்கு விடுமுறை என்றேன். "செரீங்க, அப்பப் பாத்துக்கலாமுங்க" என்று எழுந்தார். கண்ணாடிச் சீட்டு அவர் கையில் இருந்தது. அவர் வந்த வேலை முடிந்துவிட்டது. முடியாமல் நின்றது எங்கள் வேலை. மருத்துவர், விரிக்காத பாவை வழியே பார்த்த மட்டில் பார்வை நரம்பு முனை இயல்பு என்றும், மறுமுறை விரித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். சிறிய பாவை வழியே விழித்திரையைப் பார்ப்பது சாவித் துவாரத்தில் கண் வைத்து வீட்டைப் பார்ப்பது போன்றது; நடுப்பகுதி கொஞ்சம் தெரியும், ஓரங்களில் இரத்தக் கசிவு இருந்தால் தெரியாது. விரிக்காமலே படமெடுக்கும் கேமராக்கள் இருக்கின்றன. எங்களிடம் இல்லை, இருந்தாலும் புரையுள்ள, சிறிய பாவைக் கண்களில் அந்தப் படங்கள் பல நேரங்களில் தெளிவதில்லை.

அவர் திரும்ப வரவில்லை. பதிவேட்டில் இருந்த எண்ணை அழைத்தபோது மகன் எடுத்தார், சொல்கிறேன் அக்கா என்றார். பிறகு அழைத்தபோதும் அதையேதான் சொன்னார். வேறிடத்தில் காட்டியிருக்கலாம். அவருடைய விழித்திரையில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லுக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

இது இவ்வளவோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு நூல் மில் மேற்பார்வையாளர் வந்தார். அவருக்கும் சர்க்கரை நோய். அதே கேள்வியைக் கேட்டேன். தம்பி வெளியில் நிற்கிறான் என்றார். மருந்து ஊற்றினோம், நேரத்தைக் குறித்தோம், அரை மணி நேரத்தில் பாவை நன்றாக விரிந்தது. இரண்டு கண்களிலும் கேடு முற்றிய நிலை. பார்வையோ இன்னும் 6/6. கோயம்புத்தூருக்கு அனுப்பி லேசர் சிகிச்சை நடந்தது, நல்ல வேளையில் கண்டுபிடித்தீர்கள் என்று அங்கிருந்து கடிதமும் வந்தது. மறு பரிசோதனைக்கு வந்தபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்குத் தம்பியெல்லாம் ஆரும் வர்லீங்க மேடம். இல்லீன்னு சொன்னா நீங்க ஊத்த மாட்டீங்கன்னு வெளிய ஒருத்தரு சொன்னாங்க. நானே பைக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டனுங்க."

அவருக்குக் கோபமாகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. பொய் சொன்னவருக்குப் பார்வை மிஞ்சியது. உண்மை சொன்னவருக்குக் கண்ணாடிச் சீட்டு மட்டும் கிடைத்தது. நம்முடைய பாதுகாப்புக் கேள்வி, வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் விடை சொல்லித் தருகிற தேர்வாகிவிட்டது என்றால், அது யாரைப் பாதுகாக்கிறது? மருந்தால் கெடுதல் வந்தால் அது நம் பெயரில் எழுதப்படும். எந்த நேரத்தில் எந்தக் குப்பியிலிருந்து யார் ஊற்றினார் என்பதுவரை பதிவு இருக்கிறது. பார்க்காமல் விட்டதால் வரும் கெடுதல் யார் பெயரிலும் எழுதப்படுவதில்லை. நான் மறுத்தபோது இந்தக் கணக்கு என் மனத்தில் துளியும் இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. அதற்காக, ஊற்றியிருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

மருந்தைப் பற்றிய அச்சத்தை நாமே சில வேளைகளில் பெரிதாக்குகிறோம் என்பதும் உண்மை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 6,760 பேருக்குப் பாவையை விரித்துப் பார்த்த ஆய்வில், திடீர் கண் அழுத்த நோய் வந்தவர்கள் இருவர் மட்டுமே. முன்னறை ஆழம் குறைந்த கண்கள் நம் பக்கம் அவ்வளவு அரிதல்ல என்பதால் டார்ச் சோதனையை நான் விட மாட்டேன். அந்த நோய் வந்தாலும் பெரும்பாலும் நம் முன்னால் வருவதில்லை. பாவை திரும்பச் சுருங்கி வரும் வேளையில், மாலையிலோ இரவிலோ, தலைவலியும் வாந்தியுமாக வீட்டில்தான் வருகிறது. வீட்டிலோ அதைப் பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுக்கிறார்கள். ஆகவே கூட ஒருவர் வேண்டும் என்பது வண்டிக்காக மட்டும் அல்ல. இரவில் கண் வலித்தால் எங்களிடம் வரச் சொல்லிக் கேட்டுக்கொள்ள இன்னொரு காது வேண்டும் என்பதற்காகவும்தான். இதைச் சொன்னால் மூத்த சிஸ்டர், தனியாக வந்தவர் செவிடு இல்லையே என்கிறார்.

இப்போது நான் கேள்வியை மாற்றியிருக்கிறேன். கூட யார் என்று கேட்பதில்லை. எப்படி வந்தீர்கள், எத்தனை மணிக்குள் போயாக வேண்டும், போகும்போது வெயில் முகத்துக்கு நேரே இருக்குமா என்று கேட்கிறேன். சர்க்கரை நோயாளிகள் சீட்டுப் போடும்போதே மருந்து ஊற்ற வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லிவிடும்படி வரவேற்பில் இருப்பவர்களிடம் கேட்டிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு வருபவர்களை முதலில் எடுத்தால், கறவை நேரத்துக்குள் பலருக்கும் கண் ஓரளவு தெளிந்துவிடுகிறது. ஓரளவு என்பது போதுமா என்று இளைய பரிசோதகர் ஒருவர் கேட்டார். வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய், எதிர்க்கடைப் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன் என்றேன். எந்தப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த கடிதம் நிர்வாகத்திடம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்று ஒரு முறை பதில் வந்தது, மறுபடியும் கொடுத்திருக்கிறேன்.