குளமா, தாங்கியா?

இலங்கையின் வன்னியில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே இருந்து வேலை செய்பவரை முதலில் இடறி விழுத்துவது ‘டாங்க்’ என்ற சின்னச் சொல். பிரித்தானியர் காலத்துக் கோப்புகள் முதல் இன்றைய நீர்ப்பாசனக் கடிதங்கள் வரை இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாமே ஆங்கிலத்தில் ‘டாங்க்’ தான். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் திட்ட அலுவலருக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆயிரம் லீற்றர் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிதான் மனதில் வரும். ‘ஐந்து டாங்க் திருத்தம்’ என்ற வரியை அவர் அப்படி வாசித்துவிட்டால் வரவுசெலவு முழுவதும் பிழைத்துப் போகும். குளம் என்றால் கட்டுக்கு மண் நிரப்பி இறுக்க வேண்டும். நீரைத் திறந்துவிடும் துருசின் கதவையும் அதைத் தூக்கும் தண்டையும் பார்க்க வேண்டும். மேலதிக நீர் வழிந்தோடும் வானில் விழுந்த கொங்கிறீற் வெடிப்பை அடைக்க வேண்டும். அலை அரிக்காதபடி கட்டின் நீர்ப்பக்கச் சரிவில் கல் அடுக்க வேண்டும். பிழை மறுபக்கமும் நடக்கும். குடிநீர்த் துண்டுப்பிரசுரத்தில் வரும் ‘டாங்க்’ குளமாகிவிட்டால், கழுவிக் குளோரின் போடச் சொன்ன அறிவுரை குளத்தங்கரைக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு எளிய காப்பு உண்டு. ஆங்கில அறிக்கையில் முதல் தடவை எழுதும்போதே ‘இரிகேஷன் டாங்க்’ என்று எழுதி, பக்கத்தில் கொள்ளளவை ஏக்கர் அடியில் போட்டுவிட வேண்டும். ஒரு ஏக்கர் அடி ஏறக்குறைய 1,233 கன மீற்றர். அந்த அலகில் பிளாஸ்டிக் தாங்கியை யாரும் அளப்பதில்லை. எண்ணே பொருளைச் சொல்லிவிடும்.

இந்தச் சொல்லில் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தியாவில் இதைப் பிடித்துக்கொண்டபோது அதன் பொருள் நீர்நிலை, குளம் என்பதே. மேற்கிந்திய மொழிச் சொல்லும் போர்த்துக்கேயரின் ‘தாங்க்கே’யும் அதில் கலந்திருக்கின்றன. கொள்கலம் என்ற பொருள் பிறகு வந்தது. முதலாம் உலகப் போரில் கவச வண்டியைச் செய்தவர்கள் இரகசியம் காக்க அதற்குத் தண்ணீர்த் தாங்கியின் பெயரை வைத்தார்கள். அப்படி மூன்றாவது பொருளும் ஏறியது. ஆகவே வன்னிக் கோப்பில் இருக்கும் ‘டாங்க்’ பிழையான ஆங்கிலம் அல்ல, பழைய ஆங்கிலம். இலண்டனில் மாறிய பொருள் ஒட்டுசுட்டானில் மாறாமல் நின்றது, அவ்வளவுதான். தமிழ் வாசகருக்கு இங்கே வில்லங்கமே இல்லை. குளத்தைக் குளம் என்கிறோம். கொள்கலத்தைத் தாங்கி என்கிறோம். சண்டைக்கு வந்ததை யுத்த தாங்கி என்றோம்.

ஆங்கிலத்தில் வருகிற மாற்றத்தை எதிர்க்க வேண்டுமா, ஏற்க வேண்டுமா என்ற வாதம் மேசைக்கு வரும்போதெல்லாம் இந்தக் குளத்திலிருந்து தொடங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. மாற்றத்தைப் பொதுவாக எதிர்த்து வென்றவர் எவரும் இல்லை. பிரெஞ்சுக்கு 1635 முதல் ஒரு கழகம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒன்று அமையவே இல்லை. 1712இல் ஜொனதன் சுவிப்ட் அப்படியொரு அமைப்பைக் கேட்டு எழுதினார். வெட்டிச் சுருக்கியதால் அவர் வெறுத்த சொற்களில் கும்பலைக் குறிக்கும் ‘மொப்’ ஒன்று. இன்று அது எந்தப் பத்திரிகையிலும் வரும். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், மொழியை நிறுத்திவைக்கும் நம்பிக்கை தனக்கு இருந்ததையும் அது வீண் என்று கண்டதையும் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். இனிமை என்று நாம் படிக்கும் ‘நைஸ்’ 14ஆம் நூற்றாண்டில் மூடத்தனத்தைக் குறித்தது.

ஆனால் பொதுவாக எதிர்க்க முடியாது என்பதால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்கக்கூடாது என்று ஆகாது. மொழிபெயர்ப்பு மேசையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாற்றத்தால் ஒரு ஆளின் நிலைமை முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறதா, மங்குகிறதா?

‘அவர்கள்’ என்று நாம் படித்த ‘தே’ என்ற சொல்லை எடுப்போம். ஒரு ஆளைக் குறிக்க ‘தே’, ‘தெயர்’ எழுதுவது பிழை என்று எங்கள் பள்ளிக்கூடங்கள் சொல்லிக்கொடுத்தன. உண்மையில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் அந்த வழக்கு இருக்கிறது. அதைப் பிழை என்றது பின்வந்த இலக்கணக்காரர்கள். 1850இல் பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பால் பெண்ணையும் அடக்கும் என்று சட்டமே போட்டது. 2019இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு ஒருமைத் ‘தே’யை ஏற்றுக்கொண்டது. தமிழருக்கு இதில் வியப்பு என்ன இருக்கிறது? பன்மையை ஒருவருக்குக் கொடுப்பது நமக்கு அன்றாடம். நீயை ஒதுக்கிவிட்டு நீங்கள் மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் ஆங்கிலத்தில் ‘தௌ’ ஒழிந்து ‘யூ’ நின்றது.

வன்னியில் காணி விண்ணப்பம் எழுதும்போது இந்த மாற்றம் உண்மையாகவே உதவுகிறது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை இருக்கும் இடத்தில் விண்ணப்பதாரர் என்றாலே ‘ஹீ’ என்று போடுவது அவர்களை மறைப்பதாகும். தமிழில் அவர் என்று சொல்லி ஆண் பெண் தெரியாமலே நடத்திவிடலாம். இப்போது ஆங்கிலத்திலும் முடிகிறது. பிழை வரும் இடம் திரும்பி வரும்போதுதான். ‘விண்ணப்பதாரர் தெயர் பெர்மிற்றைக் கொண்டுவர வேண்டும்’ என்ற ஆங்கில வரி, ‘விண்ணப்பதாரர்கள் தங்கள் அனுமதிப்பத்திரத்தை’ என்று தமிழாகும். ஒரு ஆள் பலராகிவிடுவார். ஒரே துண்டுக் காணிக்கு இரண்டு பேர் உரிமை கேட்கும் கோப்பில் இது தீர்ப்பையே குழப்பும். எழுவாய் ஒருமை என்று உறுதி செய்த பிறகு ‘அவர், தனது’ என்றே எழுத வேண்டும். கோப்பில் மூன்று நான்கு பேர் வந்தால் ‘தே’யை நம்பாமல் விண்ணப்பதாரர், எதிர் உரிமையாளர், சாட்சி என்று ஒவ்வொரு தடவையும் பெயர்ச்சொல்லையே திருப்பி எழுதுவது நல்லது.

ஒப்பந்தங்களில் ‘ஷல்’ மெல்ல மறைந்து ‘மஸ்ட்’ வருவதைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. நமது சட்டத் தமிழில் இரண்டும் ‘செய்தல் வேண்டும்’ என்றே முடியும். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டையும் கலந்தால் மட்டும், இரண்டுக்கும் வேறு வேறு கடப்பாடா என்ற கேள்வி எழும்; ஒன்றைத் தெரிந்து கடைசிவரை அதையே எழுதுங்கள். ‘மே நொட்’ வந்தால் நிறுத்தி எழுதியவரையே கேளுங்கள். செய்யலாகாது என்றும் படிக்கலாம், செய்யாமல் விடலாம் என்றும் படிக்கலாம்.

தொண்டு நிறுவனங்களின் சொற்கள் வேறு வகை. ‘பெனிபிசறி’ என்றார்கள், பிறகு ‘பார்ட்டிசிபன்ற்’ (பங்கேற்பவர்), பிறகு ‘ரைட்ஸ் ஹோல்டர்’ (உரிமை உடையவர்). நிதி தருபவர் மாறினால் சொல்லும் மாறும். ஆங்கில அறிக்கையில் அவர்கள் கேட்கும் சொல்லைப் போடுவதில் தவறில்லை. தமிழில் பயனாளி என்ற சொல் கிராம அலுவலர் முதல் வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் பார்க்க வரும் அம்மா வரை எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால், பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாமல் போகும். இங்கே நான் மாற்றத்தை எதிர்ப்பவர் பக்கம். ஆனால் மாற்றத்தைக் கேட்பவர் அந்தச் சொல்லால் அழைக்கப்படுபவராகவே இருந்தால் நிலைமை வேறு. ஊனமுற்றோர் என்ற சொல்லை அவர்களே வேண்டாம் என்றார்கள். அவர்களின் உரிமைகளுக்காக 2006இல் வந்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அங்கே தயங்காமல் மாற வேண்டும்.

எப்படியானாலும் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கணக்கெடுப்புச் சொல்லை மாற்றக்கூடாது. தொடக்கக் கணக்கெடுப்பில் ‘ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுகிற ஆட்கள்’ என்று கேட்டுவிட்டு, முடிவுக் கணக்கெடுப்பில் ‘குடும்பம்’ என்று கேட்டால் கலியாணமாகி அதே வளவில் தனி உலை வைத்த மகன் முதலில் வெளியே நிற்பார், பிறகு உள்ளே வந்துவிடுவார். எண்ணிக்கை கூடியது திட்டத்தாலா சொல்லாலா என்று எவராலும் சொல்ல முடியாது. இதற்காக ஐந்து நிரல் கொண்ட சொற்பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும்: ஆங்கிலச் சொல், இந்த ஆவணத்தில் அதன் பொருள், தமிழ்ச் சொல், களத்தில் கேட்க வேண்டிய முழு வாக்கியம், எந்தத் திகதியிலிருந்து. கடைசி நிரலைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பழைய அறிக்கையையும் புதியதையும் ஒப்பிடும் நாளில் அதுதான் தேவைப்படும்.

இப்போது பாரமான சொற்களுக்கு வருவோம். ‘ரீசெட்டில்மென்ற்’ முதலாவது. வெளியே அதன் வழக்கமான பொருள் வேறோர் இடத்தில் குடியமர்த்துவது. அகதிகள் விடயத்தில் மூன்றாம் நாட்டுக்கு அனுப்புவது. சொந்த ஊருக்குத் திரும்புவது ‘ரிட்டேர்ன்’, வேறிடத்தில் இருத்துவது ‘ரீலொக்கேஷன்’. இலங்கையில் மட்டும் ‘ரீசெட்டில்மென்ற்’ இரண்டையும் விழுங்கிவிட்டது; தமிழில் மீள்குடியேற்றம். 2012 செப்டெம்பரில் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் தங்கள் ஊருக்குப் போகவில்லை. வேறிடத்தில் இருத்தப்பட்டார்கள். அதையும் மீள்குடியேற்றம் என்றே எழுதினால் ஊர் திரும்பாத சனம் ஊர் திரும்பிய கணக்கில் சேர்ந்துவிடும். இது மொழியின் இயல்பான மாற்றம்தானே என்று ஏற்கக்கூடிய இடம் அல்ல இது. சொந்தக் காணி, அதே ஊரில் வேறு காணி, வேறு ஊர் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

அடுத்தது ‘லாண்ட் ரிலீஸ்’. கண்ணிவெடி அகற்றலில் இது துல்லியமான சொல். ஆபத்து என்று குறித்த நிலம் மூன்று வழிகளில் விடுபடும். ஊர்ச் சனத்தை விசாரித்து, பதிவுகளைப் பார்த்து, வெடி இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று நீக்குவது ‘கான்சல்ட்’. கருவியோடு உள்ளே இறங்கி ஆராய்ந்து எல்லையைச் சுருக்குவது ‘ரிடியூஸ்ட்’. குறித்த ஆழம்வரை முழுதாகத் தேடி அகற்றியது ‘கிளியேர்ட்’. தமிழுக்கு வரும்போது மூன்றும் ‘விடுவிக்கப்பட்ட காணி’ ஆகிவிடுகின்றன. அதோடு வன்னியில் காணி விடுவிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது படையினர் பிடித்து வைத்திருந்த காணியைத் திருப்பித் தருவது. படை விட்ட காணி வெடி அகற்றிய காணி என்று ஆகாது. கிணறு வெட்டுபவருக்கு இந்த வேறுபாடு உயிர். ஆகவே கிராமக் கூட்டத்தில் வாசிக்கும் தாளில் விடுவிப்பு என்ற சொல்லை மட்டும் தனியே விடக்கூடாது. ‘விசாரித்து நீக்கியது’, ‘ஆராய்ந்து சுருக்கியது’, ‘தேடி அகற்றியது’, ‘படையினர் கையளித்தது’ என்று நான்காகச் சொல்லி, அகற்றியதற்கு எத்தனை சென்ரிமீற்றர் ஆழம் என்பதையும் எழுத வேண்டும்.

இவற்றுக்கு நேர் எதிராக, இலக்கணத்தை மீறியே சரியாகிப்போன ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கிறது: ‘டிசப்பியர்’. பள்ளி இலக்கணப்படி அது செயப்படுபொருள் ஏற்காத வினை. ஒருவர் மறைவார்; ஒருவரை மறைத்தார்கள் என்று அதில் சொல்ல வராது. ‘வோஸ் டிசப்பியர்ட்’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மை போடுவார். 1970களில் இலத்தீன் அமெரிக்காவில், ஆர்ஜென்ரீனாவில் குறிப்பாக, பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்டபோது அங்குள்ளோர் அவர்களை ஸ்பானிய மொழியில் ‘தெசாப்பரேசிதோஸ்’, காணாமல் ஆக்கப்பட்டவர்கள், என்றார்கள். அந்தப் பொருளைத் தாங்க ஆங்கில வினை வளைந்து கொடுத்தது. ஆட்களைக் காணாமல் ஆக்குவதற்கு எதிராக 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சமவாயத்தின் தலைப்பிலேயே ‘வலிந்து’ என்ற அடை இருக்கிறது. தமிழும் அதே வழியில் நடந்தது. காணாமல் போனோர் என்றவர்கள் காணாமல் ஆக்கப்பட்டோர் என்றார்கள். ஆடும் காணாமல் போகும், மோதிரமும் காணாமல் போகும். போரின் முடிவில் வட்டுவாகலில் படையினரிடம் கையால் ஒப்படைத்தோம் என்று சொல்லும் தாய்க்கு ‘போனோர்’ என்ற சொல் பொருந்தாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் இருந்த உறவுகள் இந்தச் சொல்லில் உறுதியாக நின்றார்கள். இவர்களைத் தேடுவதற்கென 2016இல் இயற்றிய சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரிலோ ‘மிஸ்ஸிங்’ தான் இருக்கிறது.

அதனால் வாக்குமூலம் மொழிபெயர்ப்பவர் இரண்டு சொல்லையும் கையில் வைத்திருக்க வேண்டும். எதைப் போடுவது என்பதைப் படிவத்தின் தலைப்பு தீர்மானிக்கக்கூடாது. கடைசியாக எங்கே கண்டார்கள், யார் கண்டார்கள், அப்போது அவர் யாருடைய பொறுப்பில் இருந்தார் என்று இந்த ஒழுங்கில் கேட்க வேண்டும். மூன்றாவதற்கு விடை இருந்தால் ‘ஆக்கப்பட்டார்’, ஆங்கிலத்தில் ‘வோஸ் டிசப்பியர்ட்’. இலக்கணம் பார்க்கும் மென்பொருள் கீழே கோடு போட்டாலும் திருத்த வேண்டாம். ஷெல்லடிக்குள் கை விட்டுப்போன பிள்ளையை அதன் பிறகு எவரும் காணவில்லை என்றால் ‘காணாமற்போனார்’, ‘மிஸ்ஸிங்’. தாய் பேச்சின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் அவர் சொன்னபடியே இரண்டையும் எழுதி, பக்க ஓரத்தில் அவரது தமிழ்ச் சொல்லையும் குறித்துவிட வேண்டும்.