பிரேக் மிதி உள்ளே போனபோது

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், காட்டேரி தாண்டியதும் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. இன்னொரு மிதி, கெட்டியாகிவிட்டது.

முந்தின நாள்தான் பட்டறையில் முன் சக்கரத்து காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றி எடுத்த வண்டி. பின்சீட்டில் அம்மா.

இரண்டாம் கியரிலேயே உருட்டி, பர்லியார் பழக்கடைகள் பக்கம் ஓரங்கட்டினேன்.

கீழேயிருந்து பைக்கில் வந்த மெக்கானிக் அண்ணன் மிதியை அழுத்திப் பார்த்ததுமே சொன்னார், "லைன்ல ஏர் இருக்குங்க."

பிரேக் ஆயில் அழுந்தாது, காற்று அழுந்தும். நாம் மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நான் மிதித்துப் பிடிக்க, அவர் காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தார். ட்யூபுக்குள் குமிழிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது.

சமவெளியில் இதைக் கவனிக்காமலே பல நாள் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு, அங்கேயும் ஆபத்துதான். இங்கே முடியாது. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம், ஆயில் பழசானால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 155 தான். இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால், லைனில் மறுபடி குமிழிதான்.

மலையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்களே, பிரேக்கில் கை வைத்தால் வண்டிக்காரரையும் ஏற்றிக்கொண்டு ஒரு இறக்கம் ஓட்டிக் காட்டுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் தருகிறோம்.