லண்டன் ப்ராம்ஸ்: கம்மி விலை டிக்கெட்காரங்களுக்குத்தான் மேடைக்கு முன்னாடி இடம்

ஜூலை நடுவுல இருந்து செப்டம்பர் ரெண்டாவது வாரத்துக்குள்ள லண்டன் போறவங்க ஒரு சாயங்காலத்தை ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குன்னு ஒதுக்கிடுங்க. வெஸ்டர்ன் கிளாசிக்கல் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. அங்க ப்ராம்ஸ்னு ஒரு விழா, பிபிசி நடத்துறது, எட்டு வாரம் கிட்டத்தட்ட தினமும் கச்சேரி.

சவுத் கென்சிங்டன் ஸ்டேஷன்ல இறங்கி, மியூசியம் எல்லாம் தாண்டி எக்ஸிபிஷன் ரோட்ல நடந்தா பத்துப் பதினஞ்சு நிமிஷம். டிக்கெட் அன்னைக்குக் காலையில ஆன்லைன்ல எடுத்தோம், 8 பவுண்டு, நம்ம காசுக்கு 900 ரூபாய் பக்கம் வரும். இதுக்கு சீட் கிடையாது, நின்னுக்கிட்டேதான் கேக்கணும், ஆனா எங்க நிக்கிறோம்ங்கிறதுதான் விஷயமே. மேடைக்கு நேர் முன்னாடி இருக்கிற அரீனாவுல வழக்கமா இருக்கிற சீட்டையெல்லாம் ப்ராம்ஸுக்காக எடுத்துடறாங்க, அந்த இடம் முழுக்க நிக்கிறவங்களுக்குத்தான். அதிக காசு கொடுத்தவங்க நமக்குப் பின்னாடி சுத்தி, மேல பாக்ஸ்லன்னு உக்காந்திருக்காங்க. வயலின்காரங்க நோட்ஸ் பக்கத்தைத் திருப்புறது, அடுத்த வரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணா மூச்சு இழுக்கிறது எல்லாம் தெரியுற தூரத்துல நின்னது அந்த 8 பவுண்டு கூட்டம்.

இது யாரோ பெருந்தன்மையில செஞ்சது இல்லங்க, ஒரு மேனேஜர் யோசிச்சுப் போட்ட திட்டம். 1895ல குயீன்ஸ் ஹால்னு வேற ஒரு அரங்கத்தோட மேனேஜர் ராபர்ட் நியூமன், கண்டக்டர் ஹென்றி வுட்டைக் கூட்டு சேத்துக்கிட்டு, கச்சேரி பக்கமே வராத ஜனங்களைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கிடணும்னு ஆரம்பிச்சார். நிக்கிற டிக்கெட் 1 ஷில்லிங், உள்ளயே சாப்பிடலாம், குடிக்கலாம், சிகரெட்கூட பிடிக்கலாம், பாடுறப்போ மட்டும் தீக்குச்சி கிழிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்களாம். 1927ல பிபிசி கைக்கு வந்துச்சு, 1941ல குண்டு விழுந்து குயீன்ஸ் ஹால் எரிஞ்சுபோனதும் விழா ஆல்பர்ட் ஹாலுக்கு மாறுச்சு. இடமும் ஆளும் மாறியும், நிக்கிறவங்களுக்கு நடுவுல இடம்ங்கிற முடிவு மட்டும் இன்னைக்கும் அப்படியே நிக்குது.

அதோட பலன் உள்ள போனதுமே தெரியுது. க்யூல எனக்கு முன்னாடி நின்ன வயசான அம்மா ஒருத்தங்க மடக்கு ஸ்டூலோட வந்திருந்தாங்க, பல வருஷமா வர்றவங்களாம், எந்தப் பக்கம் நின்னா செல்லோ நல்லா கேக்கும்னு அவங்களே சொல்லிக் கொடுத்தாங்க. பியானோ மூடியைத் தூக்குறப்போ அரீனா கூட்டம், பாரம் தூக்குறப்போ நாம ஐலசா போடுற மாதிரி, "ஹீவ்"னு கத்த, மேல கேலரியில இருந்து "ஹோ"ன்னு பதில் வருது, மொத்த ஹாலும் சிரிக்குது. அடுத்த நிமிஷம் இசை ஆரம்பிச்சதும் ஆயிரம் பேர் நிக்கிற இடத்துல ஒரு சத்தம் இல்ல. ஆசைப்பட்டு வந்தவங்களை முன்னாடி வச்சா வாசிக்கிறவங்களுக்கும் அது எட்டுது, நான் கண்ணால பாத்தேன். நம்ம ஊர்ல நான் போன பெரிய கிரவுண்ட் கச்சேரி ஒண்ணுல முன்னாடி போட்டிருந்த சோபா பாதி காலி, பாஸ்ல வந்தவங்க பாதியில எழுந்து போயிட்டாங்க, உயிரைக் கொடுத்துப் பாடத் தெரிஞ்ச பசங்க எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம். இன்னைக்கும் அதை நெனச்சா கோவம் வருது.

ஆல்பர்ட் ஹால்லயும் எல்லாம் சரின்னு சொல்ல மாட்டேன். 1860கள்ல கட்டுறதுக்குக் காசு பத்தாம, ஒரு சீட் 100 பவுண்டுன்னு 999 வருஷக் குத்தகைக்கு வித்துட்டாங்க. 5,000 பேர் சொச்சம் கொள்ற ஹால்ல இன்னும் 1,200 சீட்டுக்கு மேல அப்படி தனி ஆளுங்க கையில இருக்கு. அதுல சில பேர் தங்களோட டிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு வெளிய விக்கிறாங்கன்னு பார்லிமென்ட் வரைக்கும் பேச்சு போயிருக்கு. அன்னைக்கு அவசரத்துக்கு எடுத்த முடிவு, இப்போ வர்ற ரசிகன் பாக்கெட்டுல கை வைக்குது.

1871ல ஹாலைத் திறந்தப்பவே எதிரொலி பெரிய தலைவலியா இருந்துச்சு. 1969லதான் கூரையில இருந்து காளான் மாதிரி பெரிய ஃபைபர் கிளாஸ் தட்டுகளைத் தொங்கவிட்டு அதைக் கொறச்சாங்க. உள்ள போனா அண்ணாந்து பாருங்க.

போறவங்களுக்கு: பெரிய பேக் எடுத்துட்டுப் போகாதீங்க, நல்ல ஷூ போட்டுக்கோங்க, ஹால் உள்ள வெக்கையா இருக்கும். இன்டர்வெல்ல அரீனா தரையிலயே எல்லாரும் உக்காந்துடுவாங்க, நீங்களும் தயங்காம உக்காருங்க. அவ்வளவு நேரம் நிக்க முடியாதுன்னா கேலரி டிக்கெட் எடுங்க, விலை அதேதான். மேடை ரொம்ப கீழ சின்னதா தெரியும், ஆனா பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டே கேக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.